கீழிமையை இழுத்துப் பார்த்த டாக்டர்

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, 2012இல் மேல்கோயில் திறந்ததிலிருந்து ஏறக்குறைய எல்லாத் தைப்பூசத்துக்கும் பால்குடம் சுமந்து அந்தப் படிகளை ஏறியிருக்கிறார். எடை 94 கிலோ. நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு விட்டுக்கொள்வார், அவ்வளவுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவருக்கு அது பெரிய காரியமாக இருந்ததில்லை.

ஒரு வருடம் நூறாவது படியைத் தாண்ட முடியவில்லை. பால்குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "உடம்பு போட்டுட்டேன்ல, அதான்" என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார். போன வருடமும் அதே 94 கிலோதானே, அப்போது ஏறினாரே என்று யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் கம்பெனியின் பேனல் கிளினிக்குக்கு அக்காவோடு நானும் போனேன்.

"டாக்டர், கொஞ்ச நாளா மூச்சு வாங்குது. படி ஏற முடியல."

டாக்டர் நிமிர்ந்து அக்காவை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். "இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறுனா மூச்சு வாங்காம என்னம்மா செய்யும்? மொதல்ல இருபது கிலோ கொறைங்க. சோத்தைக் கொறைங்க, இனிப்பை நிப்பாட்டுங்க, நடங்க."

மிசி (நர்ஸ்) இரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டையைச் சுற்றினார். அது கையை முழுதாகச் சுற்றவில்லை. காற்று ஏற ஏற ஒட்டுப்பட்டை சர்ரென்று பிரிந்தது. இரண்டாம் முறை பிரியாமல் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். மேல் எண் 158 என்று வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ குற்றம் பிடிபட்டதுபோல இருந்தது அவர் முகம். பிரஷர் மாத்திரை, ஒரு வைட்டமின் மாத்திரை, என்ன சாப்பிடலாம் என்று அச்சடித்த ஒரு தாள். உள்ளே போய் வெளியே வர ஐந்து நிமிடம் ஆகவில்லை. மூச்சு வாங்குவது எப்போது தொடங்கியது, நெஞ்சு வலிக்கிறதா, கால் வீங்குகிறதா, மாதவிலக்கு எப்படிப் போகிறது, எதையும் யாரும் கேட்கவில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கவும் இல்லை.

நான்கு மாதம் கழித்துக் காய்ச்சலுக்கு மருத்துவ விடுப்புச் சான்று (எம்.சி.) வாங்க வேறொரு கிளினிக்குக்குப் போனபோதுதான் கதை மாறியது. அங்கிருந்த இளம் டாக்டர் பேசிக்கொண்டே கட்டைவிரலால் அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் காகிதமாக வெளுத்திருந்தது. "அக்கா, மாதவிலக்கு எத்தனை நாள் போகுது?" "பத்து நாள், சில மாசம் அதுக்கும் மேல." அன்றே இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது, இரண்டு வருடமாக இரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பெரிய கைப்பட்டை போட்டுப் பார்த்தபோது இரத்த அழுத்தம் 134.

முதல் டாக்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வட்டாரத்தில் அவருக்கு நல்ல பெயர். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் பிள்ளைகளைப் பார்ப்பவர். அப்படிப்பட்டவரின் கண்ணுக்கே 94 கிலோ தெரிந்து வெளுத்த இமை தெரியாமல் போனது எப்படி என்பதுதான் என் கேள்வி. இதை மருத்துவ உலகம் எடை பற்றிய முன்முடிவு என்கிறது. பருமனான ஒருவர் உள்ளே நுழைந்ததும் அவர் சோம்பேறி, வாயைக் கட்டாதவர், சொன்னால் கேட்காதவர் என்று மனம் தானாகவே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. எழுதிக்கொள்வது டாக்டருக்கே தெரியாமல் நடக்கலாம். சுடுசொல்லாக வெளிவந்தால்தான் முன்முடிவு என்று பலர் நினைக்கிறோம். நோயாளிக்கு அதைவிடப் பெரிய சேதம் கேட்காமல் விடப்படும் கேள்வியால் வருகிறது.

இது கற்பனைக் குற்றச்சாட்டில்லை. டாக்டர்களே ஒப்புக்கொண்டது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 620 குடும்ப மருத்துவர்களிடம் பருமனான நோயாளிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் 'அவலட்சணமானவர்கள், சொன்னபடி நடக்காதவர்கள்' என்ற வகையில் பதில் தந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு டெக்சாஸில் 122 மருத்துவர்களிடம் ஒற்றைத் தலைவலியோடு வந்த நோயாளி ஒருவரின் குறிப்பேட்டைக் கொடுத்தார்கள். எல்லாக் குறிப்பேட்டிலும் விவரம் ஒன்றுதான், எடை மட்டும் வேறு. பருமனானவர் என்று எழுதப்பட்டிருந்தபோது அவருக்கு ஒதுக்குவதாகச் சொன்ன நேரம் 31 நிமிடத்திலிருந்து 22 நிமிடமாகக் குறைந்தது. பரிசோதனைகளை அதிகமாகவே எழுதித்தரத் தயாராக இருந்தார்கள். உட்கார்ந்து பேசத்தான் தயாராக இல்லை.

2019இல் 11 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் எனக்கு மறக்க முடியாத இரண்டு எண்கள் உண்டு. பருமனான நோயாளிகளுக்கு எடை குறைப்பதில் அக்கறை இல்லை என்று கருதிய மருத்துவப் பணியாளர்கள் 71 விழுக்காடு. எனக்கு அக்கறை இல்லை என்று சொன்ன நோயாளிகள் 7 விழுக்காடு. ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு நடுவே இவ்வளவு தூரம். அதே ஆய்வில், எடை குறைப்பது முழுக்க முழுக்கத் தங்கள் பொறுப்பு என்று 81 விழுக்காட்டு நோயாளிகள் சொன்னார்கள். எடையோடு போராடத் தொடங்கியதற்கும் அதைப் பற்றி மருத்துவரிடம் முதன்முதலாகப் பேசியதற்கும் நடுவே சராசரியாக ஆறு வருடம் ஓடியிருந்தது. பழி என்மேல்தான் என்று நம்புகிறவர் உதவி கேட்கத் தயங்குவார். தண்ணீர்மலைப் படியில் உட்கார்ந்து அக்கா சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள். கிளினிக்குக்குப் போகும் முன்பே தன்மீது தானே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அந்தத் தீர்ப்பை எழுத நம் மொழியும் உதவுகிறது. அடங்காதவனுக்குக் 'கொழுப்பு'. எதிர்த்துப் பேசும் பெண்ணுக்குக் 'கொழுப்பெடுத்துப் போச்சு'. வேலை செய்யாதவன் 'கொழுத்துப்போய்த் திரிகிறான்'. தோலுக்கு அடியில் சேரும் ஒரு பொருளின் பெயரே நம்மிடம் ஒழுக்கக் குறைவின் பெயராகவும் இருக்கிறது. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் அள்ளி முத்தமிடுகிறோம். கலியாணத்துக்கு நிற்கும் வயதில் அதே சதையைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறோம். கொஞ்சம் மெலிந்து வந்தாலோ "இளைச்சுட்டியே, உடம்புக்கு என்ன?" என்று துடித்துப்போகிறோம். தமிழ்ப் படங்களில் பருமனான நடிகர் திரையில் தோன்றியதும் அரங்கம் சிரிக்கத் தயாராகிவிடும், அவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இந்தச் சொற்களோடும் இந்தச் சிரிப்போடும் வளர்ந்தவர்கள்தான் நாமும், நம் டாக்டர்களும். வெள்ளை அங்கி போட்டதும் அவை கழன்று விழுந்துவிடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நம்மவர்களுக்குத் திட்டுகிற டாக்டர்தான் நல்ல டாக்டர். "நல்லாத் திட்டுவாரு, ஆனா கைராசிக்காரரு" என்று மூன்று தலைமுறையாக ஒரே கிளினிக்குக்குப் போகும் குடும்பங்கள் ஜார்ஜ் டவுனில் எத்தனையோ. உரிமையோடு திட்டுகிறார், அக்கறை இல்லாமலா திட்டுவார் என்று நினைக்கிறோம். அக்கறை இருக்கிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் திட்டு எடையைக் குறைக்கிறதா? இங்கிலாந்தில் 2,944 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். எடையின் பெயரால் தாம் இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் அந்த நான்கு ஆண்டில் ஏறத்தாழ ஒரு கிலோ கூடினார்கள். அப்படி நடத்தப்படாதவர்கள் முக்கால் கிலோ அளவுக்குக் குறைந்தார்கள். அவமானப்பட்டவர் நடைபயிற்சிக்குக் கிளம்புவதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறார், மனம் ஆறச் சாப்பிடுகிறார், அடுத்த பரிசோதனை நாளைத் தள்ளிப்போடுகிறார். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் எடை பார்க்கும் மெஷினுக்குப் பயந்து கிளினிக்குக்குப் போகாமலே இருந்தால் அவருடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் யார் பார்ப்பது?

'வாயைக் கட்டினால் குறையும், இதில் என்ன இருக்கிறது' என்ற நம்பிக்கையைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வுகளின்படி 1996இல் உடற்பருமன் கொண்ட பெரியவர்கள் 4.4 விழுக்காடு. 2006இல் 14. 2019இல் 19.7. 2023இல் 21.8. இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மனவுறுதி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதா? மலாய்க்காரர், சீனர், இந்தியர், கடசான், இபான் எல்லோரும் ஒரே சமயத்தில் சோம்பேறியானார்களா? மனிதர்கள் மாறவில்லை. அவர்களைச் சுற்றி இருந்தது மாறியது. வேலை நாற்காலிக்கு வந்தது, அல்லது நின்ற இடத்தைவிட்டு நகர முடியாத அசெம்பிளி வரிசைக்கு வந்தது. இரவு இரண்டு மணிக்கும் ரொட்டி சானாய் கிடைக்கிறது. ஐந்தடி நடைபாதையில் மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் நிற்க, ஜனங்கள் தார் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். தேத்தண்ணீர் என்றாலே கெட்டிப்பாலோடுதான் வருகிறது, சீனி வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பினாங்குவாசிகளுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. 1969இல் இங்கே பிறந்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம், அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும் வரைக்கும் அதன் பின்னும், சீனிக்கும் குழந்தைகளைக் குறிவைக்கும் உணவு விளம்பரத்துக்கும் எதிராகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. பண்டம் எப்படித் தயாராகிறது, எப்படி விற்கப்படுகிறது என்று பார்க்கச் சொன்னது அந்தச் சங்கம். அரசும் ஒருவழியாக 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. வாங்குகிறவரின் மனவுறுதி மட்டும்தான் பிரச்சினை என்றால் அந்த வரிக்கு அவசியமே இல்லையே. அதே சீனிக்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர் பலர் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உடம்புக்குள்ளும் ஒரு கணக்கு நடக்கிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் அதைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. எடை குறைந்தால் லெப்டினும் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்ளும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடுமையாக உழைத்து எடையைக் குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016இல் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அவர்களின் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழித்தும் அந்த உடம்புகள் பழைய எடைக்காகப் போராடிக்கொண்டிருந்தன. இவர்களைப் பார்த்து 'மனசு வைக்கவில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. பரம்பரையும் சேர்ந்துகொள்கிறது. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநோய் மருந்துகள், வலிப்பு மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். ஆக, நோயாளியின் எடையைக் கூட்டிய பொருள் சில சமயம் டாக்டர் எழுதிய சீட்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் எடை ஒரு பொருட்டே இல்லையா? இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எடை பொருட்டுத்தான். அளவுக்கு மீறிய கொழுப்பு, முக்கியமாக வயிற்றைச் சுற்றிச் சேர்வது, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் மூட்டுத் தேய்வுக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கும் சில புற்றுநோய்களுக்கும் வழி வைக்கிறது. இந்த நாட்டில் அதிகம் அடிபடுகிறவர்களும் நாம்தான். 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள், 31 விழுக்காட்டினர் சர்க்கரை நோயாளிகள். இரண்டிலும் நாமே முதலிடம். எடை பற்றிப் பேசாதீர்கள் என்று நான் டாக்டர்களைக் கேட்கவில்லை. அந்த 11 நாட்டு ஆய்விலேயே, மருத்துவர் எடைப் பேச்சை எடுத்தால் மனம் புண்படுகிறது என்றவர்கள் வெறும் 3 விழுக்காடு. பேச வேண்டும் என்றுதான் நோயாளிகளும் விரும்புகிறார்கள். எடையைக் காரணங்களில் ஒன்றாக வைத்துப் பேசுவது வைத்தியம். அதையே ஒரே காரணமாக்கி மற்ற கேள்விகளை நிறுத்திவிடுவது முன்முடிவு. மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு எடையும் காரணமாக இருக்கலாம், இரத்தசோகையும், தைராய்டும், இதயமும், நுரையீரலும் காரணமாக இருக்கலாம். எடையைத் தவிர எல்லாவற்றையும் ஒல்லியானவரிடம் தேடுகிறோம். பருமனானவரிடம் எடையைப் பார்த்ததும் தேடுவதை விட்டுவிடுகிறோம்.

இந்த முன்முடிவு ஒல்லியானவரையும் விட்டுவைப்பதில்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் படத்தைச் சேர்த்தே 'லான்செட்' இதழில் ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. பார்க்க இருவரும் மெலிந்தவர்கள். உடம்புக் கொழுப்பை அளந்தபோது வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2. அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு அந்தக் குறியீட்டில் 25, 30 என்ற வழக்கமான எல்லைகள் மட்டும் போதாது, 23, 27.5 ஆகிய எண்களிலேயே கவனம் வேண்டும் என்றது. நம்மவர்களில் கை கால் மெலிந்து, வேட்டி மடிப்புக்கு மேல் சின்னத் தொந்தியோடு இருக்கும் மாமாக்களைப் பார்த்து டாக்டர் "நீங்க பரவாயில்ல" என்று அனுப்பிவிட, சர்க்கரை உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும். உருவத்தை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் இரண்டு பக்கமும் தவறுகிறது.

மறுபடி அந்தக் கைப்பட்டைக்கு வருகிறேன். சின்ன விஷயமாகத் தெரியும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 195 பேரிடம் சோதித்து 2023இல் எழுதினார்கள். மிகப்பெரிய அளவு பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டால் மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டுகிறது. இல்லாத பிரஷருக்கு மாத்திரை எழுத இது போதும். அக்காவுக்கு அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். பெரிய பட்டை கடையில் கிடைக்கிற பொருள். விலையும் கிளினிக்குக்குக் கட்டாததல்ல. கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி இரண்டு, 200 கிலோ வரை காட்டும் எடை மெஷின், அந்த மெஷினை வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து ஒரு மறைப்புக்குப் பின்னால் வைப்பது, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்வது, இவையும் அப்படித்தான். "தொண்ணூத்தி நாலு!" என்று மிசி உரக்கச் சொல்ல, காத்திருக்கும் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இன்று அறுபது வயதில் இருக்கும் டாக்டர் பட்டம் வாங்கியபோது லெப்டின் கண்டுபிடிக்கப்படவே இல்லை. கூடச் சாப்பிட்டால் கூடும், குறைத்தால் குறையும் என்றுதான் அவருக்குச் சொல்லித்தந்தார்கள். தனியார் கிளினிக்குகளின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் என்ற எல்லைக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்தது. அந்த வருமானத்தில் வாடகையும் சம்பளமும் கொடுக்கிறவர் ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் எப்படித் தருவார்? குடிமக்களுக்கு 1 ரிங்கிட்டில் வைத்தியம் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்குகளில் காலை ஏழு மணிக்கே நம்பர் வாங்க வரிசை நிற்கிறது. எடைக்கென்று வந்திருக்கும் புதிய ஊசி மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் சம்பளத்தை எண்ணி வாழும் குடும்பத்துக்கு அவற்றின் விலை எட்டாது. கையில் வேறு ஆயுதம் இல்லாத டாக்டர் வாயை ஆயுதமாக்குகிறார். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் கீழிமையை இழுத்துப் பார்க்க ஐந்து விநாடி போதும். "எப்போதிருந்து?" என்று கேட்க அதுகூட ஆகாது.

2020இல் கனடா வெளியிட்ட உடற்பருமன் வழிகாட்டியில் முதல் படி மருந்தோ உணவோ இல்லை. நோயாளியிடம் அனுமதி கேட்பது. "உங்க எடையைப் பத்தி இன்னைக்குப் பேசலாமா?" என்ற ஒரு கேள்வி. நம் ஊர் வழக்கத்துக்கு இது ஒட்டாது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவர்களிடம் சங்கடமான பேச்சை எடுக்கும் முன் "ஒன்னு கேக்கலாமா, தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்று தொடங்குவது நம் வழக்கம்தானே. கிளினிக்கிலும் அதையே செய்யச் சொல்கிறது அந்த வழிகாட்டி. அதோடு, வந்த காரணத்தை முதலில் முழுதாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து, தேவையான சோதனையை எழுதிவிட்டு, எடைப் பேச்சைக் கடைசியில் எடுத்தாலே பாதிக் குறை தீரும்.

அந்தக் கனடாவிலேயே 2018இல் ஒரு பெண்மணியின் மரண அறிவிப்பு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பல வருடமாக உடம்பு சரியில்லை என்று உதவி தேடிப் போனபோதெல்லாம் எடையைக் குறை என்ற ஒரே பதில்தான் கிடைத்தது, புற்றுநோய் என்று தெரிந்தபோது நாள்கள்தான் மிஞ்சியிருந்தன என்று அதில் எழுதியிருந்தார்கள். தன் சாவு வீணாகக் கூடாது, தன்னைப் போன்ற உடம்புள்ள பெண்கள் தங்கள் ஆரோக்கியத்துக்காகத் தாங்களே நின்று வாதாட வேண்டும் என்பது அவருடைய கடைசி வேண்டுகோள். மலேசியாவில் அப்படி வாதாடத் தெரியாத அம்மாக்களும் அத்தைகளும்தான் அதிகம். டாக்டரை எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள்.

எதிர்க்க வேண்டாம். ஒரு கேள்வி கேட்டால் போதும். "டாக்டர், ஒல்லியா இருக்கிற ஒருத்தங்க இதே தொந்தரவோட வந்தா என்ன டெஸ்ட் எடுப்பீங்க? அதையே எனக்கும் எடுங்க." மரியாதையாகவே கேட்கலாம். பெரும்பாலான டாக்டர்கள் ஒரு கணம் நிறுத்தி யோசிப்பார்கள் என்று நம்புகிறேன். கைப்பட்டை பிரிந்தால் "பெரிசு இருக்குங்களா மிசி?" என்று கேளுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வீட்டில் பருமனான ஒருவர் இருந்தால், அவரைத் தனியாக அனுப்பாமல் மகனோ மகளோ மருமகளோ கூடப் போங்கள், போனால் வாயைத் திறங்கள். நான் அன்று அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள், பிறகு நார்க்கட்டியை எடுத்தார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். இந்த வருடத் தைப்பூசத்தில் பால்குடத்தோடு 513 படியும் ஏறினார், நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டார். எடை 93 கிலோ.